ஏழில் செவ்வாய்

கிழமைக்கு ஒருக்கா போதும் என்றார் டொக்டர்.
எந்தக் கிழமை எண்டு மட்டும் நீங்களே சொல்லுங்கோ.
மேசையில் பேனை மாதிரி ஒன்று கிடந்தது.
மூடியைக் கழற்றினால்
எழுதுகிற முனைக்குப் பதிலாக ஊசி.
போட்ட அண்டைக்குக் கொஞ்சம் ஓங்காளிக்கும், பழகிப்போகும்.
நினைச்சபடி நாளை மாத்தவேண்டாம்,
மாத்துறதெண்டால் என்னைக் கேட்டுப்போட்டு மாத்துங்கோ.

உட்துறைமுக வீதியில் ஓட்டோவை மறித்து
ஏறாமல் நின்றேன்.
ஐம்பத்திமூன்று வயதில்
முதன்முறையாக ஒரு நாளைக் கையில் தந்து
உன் விருப்பம் என்கிறார்கள்.
இதுவரை நாள் பார்த்ததெல்லாம் ஐயர்.

என் தொழில் மணப்பெண் அலங்காரம்.
ஏகாம்பரம் வீதியில் ஒரு மேல்மாடி அறை,
மூன்று கண்ணாடி, ஒரு பிரிட்ஜ்.
பஞ்சாங்கம் விரல் வைக்கிற இடத்தில் எனக்கு விடியும்.
விடியப்புறம் மூன்றரைக்குச் சாம்பல்தீவில் ஒரு கொண்டை,
ஏழு மணிக்குள் பாலையூற்றில் இன்னொன்று,
சில ஞாயிறு பின்னேரம்
ஃபர்ஹானாவோடு கிண்ணியாப் பாலம் தாண்டி
ஒரு நிக்காஹ் வீடு.

எந்த வீட்டிலும் முதலில் ஒரு தட்டு வரும்.
வாய் இனிக்காமல் சீப்பைத் தொடக்கூடாதாம்.
லட்டு, தொதல், வட்டிலப்பம்.
மறுத்தால் பொம்பிளையின் தாய்க்கு முகம் கறுக்கும்.
இப்படி மறுக்காமல் மறுக்காமல்தான்
சீனி என் இரத்தத்தில் வாடகைக்கு வந்து
பிறகு உறுதியும் எழுதிக்கொண்டது.

விலையையும் சொல்லவேணும்:
நாலு ஊசிக்கு இரண்டு பொம்பிளை.
ஆடி மாதத்துக்கு என்ன செய்வது என்று
இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரங்களுக்குக் கீழே
ஊசிப் பெட்டிக்கு இடம் பண்ணினேன்.
"அன்ரி, ஊசியும் பூ மணக்கப்போகுது" என்றாள் ஃபர்ஹானா.
கலண்டரைக் கழற்றி மடியில் வைத்து
அவளே நாள் பார்த்தாள்.
வெள்ளி, வெறுவயிற்றோடு கோணேசரிடம் மலையேறுவேன்.
சனி இரவு போட்டால்
ஞாயிறு பொம்பிளையின் முந்தானையில்தான் சத்தி.
புதனிலும் வியாழனிலும் என் சிவப்பு வட்டங்கள்,
வளர்பிறைத் திங்களைக் கேட்கவே வேண்டாம்.
அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.
"செவ்வாயில ஒண்டுமே இல்லையே.
வருசம் முழுக்க ஒரு வட்டங்கூட இல்ல.
ஏன் அன்ரி?"

ஏன்.
இருபத்திநாலு வயதில்
மனையாவெளியிலிருந்து வந்தவர்கள்
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.
பிறகு மட்டக்களப்பிலிருந்து ஒரு வாத்தியார்.
பிறகு, சாதகத்தையே மாற்றி எழுதலாம் என்ற தரகர்,
அவரை அப்பா படலை வரை துரத்தினார்.
கோப்பைகளைக் கழுவினது நான்.
அடியில் சீனி கரையாமல் கிடந்தது.
செவ்வாய்க் குற்றம் என்பார்கள்.
யார் செய்த குற்றம் என்று
ஒருவரும் சொன்னதில்லை.

இதொன்றையும் நான் அவளிடம் சொல்லவில்லை.
"அண்டைக்கு ஆரும் ஒண்டும் தொடங்கமாட்டினம் பிள்ளை" என்றேன்.
பிறகு பேனையை எடுத்து, மை இருக்கிற பேனையை,
டிசம்பர் வரைக்கும் செவ்வாய்களை வட்டமிட்டேன்.

முதல் செவ்வாய் காலை
கதவைச் சாத்திவிட்டு
பொம்பிளைகள் இருக்கிற நாற்காலியில் இருந்தேன்.
பதினெட்டு வருடமாக அதைத் துடைக்கிறேன்,
இருந்ததில்லை.
மூன்று கண்ணாடியிலும் ஒருத்தி
சாறியை விலக்கி
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி இடம் பார்த்தாள்.
எறும்பு கடித்த அளவுதான்.
பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார்கள்.
யன்னலுக்குக் கீழே
ஞாயிற்றுக் கலியாணத்து மாலையை
ஒரு மான் நின்று மென்றுகொண்டிருந்தது,
நான் பதினைந்து வரை எண்ணிவிட்டேன்.

பின்னேரம் ஓங்காளம். சத்தி இல்லை.

புதன், நிலாவெளி.
பொம்பிளையின் தாய் தட்டை நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
முகம் கறுத்தது.

கறுக்கட்டும்.
அதற்கும் என் பெட்டியில் பூச்சு இருக்கிறது.